கதவில் ஒரு கரிக்கோடு

சகோதரிகளே, ஒரு வீட்டில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டால் முதலில் வந்து சேருகிறவர் யார்? புரோகிதர் இல்லை, சமையல்காரரும் இல்லை. வெள்ளை அடிக்கிறவரும் வர்ணம் பூசுகிறவரும்தான்!

புதுச்சேரியில் எனக்குப் பழக்கமான ஒரு வீட்டிலும் அப்படித்தான் வர்ணக்காரர் வந்தார். உப்புத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் நிலையைத் தேய்க்கப் போனார்.

"தொடாதேப்பா அதை!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

குரலுக்கு உரியவருக்கு வயது எண்பதுக்கு மேல். தெரு முழுவதும் அவரை 'ஆயா' என்றுதான் கூப்பிடும். நிலையின் இடது பக்கத்தில் இரண்டு கரிக்கோடுகள் இருந்தன. ஒன்று கணுக்கால் உயரத்தில். மற்றொன்று முழங்காலுக்குச் சற்று மேலே. கீழ்க்கோட்டின் பக்கத்தில் 'தானே' என்றும், மேல்கோட்டின் பக்கத்தில் 'ஃபெஞ்சல்' என்றும் கோணல் எழுத்தில் எழுதியிருந்தது.

"அத்தை, சம்பந்தி வீட்டார் வரும்போது வாசலில் கரிக்கோடு தெரிந்தால் நன்றாகவா இருக்கும்?" என்றாள் மருமகள்.

"வெள்ளம் வந்த வீடு என்று தெரிந்துதானே பெண் எடுக்கிறார்கள்?" என்றார் ஆயா.

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். மாமியார் மருமகள் வழக்கில் மூன்றாவது மனுஷி தலையிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே நான் தீர்ப்புச் சொல்லாமல் ஆயாவிடம் ஒரு கேள்வி கேட்டேன்: "ஏன் ஆயா, இந்தக் கோடுகள் மேல் உங்களுக்கு இத்தனை பிரியம்?"

"பிரியமா? எனக்கு ஒரு சந்தேகம், அம்மா. தானே வந்தபோது என்ன காற்று! எங்கள் வேப்பமரம் சாய்ந்தது. மாடியில் போட்டிருந்த தகரம் எந்தத் தெருவில் போய் விழுந்ததோ, இன்றுவரை தெரியாது. ஆனால் தண்ணீர் கணுக்கால்தான். ஃபெஞ்சலில் அவ்வளவு காற்று இல்லை. ஆனால் தண்ணீர் முழங்காலைத் தாண்டிவிட்டது. சின்னக் காற்றுக்கு ஏன் பெரிய தண்ணீர்? அதை யாராவது சொன்னால் கோட்டை அழித்துவிட்டுப் போங்கள்."

வாசகிகளே, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரிய பெரிய நிபுணர்கள் ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதி விவாதிக்கிற கேள்வி அது. ஆயா அதைக் கரித்துண்டால் நிலையிலேயே எழுதி வைத்துவிட்டார்.

சந்தேகத்துக்கு விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். 'தானே' 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, வேகமாகக் கடந்துவிட்டது. பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் அதன் காற்றில் பட்ட பாட்டை அந்தப் பக்கத்து ஜனங்கள் இன்னும் மறக்கவில்லை. 'ஃபெஞ்சல்' 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. ஏறியதோடு போகவில்லை. வந்த விருந்தாளி திண்ணையிலேயே படுத்துவிட்ட மாதிரி, பல மணி நேரம் ஊருக்குப் பக்கத்திலேயே அசையாமல் நின்றுவிட்டது. ஒரு குடம் தண்ணீரைத் தெரு நெடுகத் தெளித்துக்கொண்டே ஓடினால் மண் நனையும், அவ்வளவுதான். ஒரே இடத்தில் நின்று கவிழ்த்தால்? ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை புதுச்சேரியில் கொட்டியது. இராணுவத்தார் வந்து ஜனங்களைப் படகில் ஏற்றிக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

புயலின் காற்று வேறு, அது தங்கும் நேரம் வேறு. இரண்டையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். இதைத்தான் ஆயாவின் இரண்டு கோடுகள் சொல்கின்றன. ஆனால் புயல் ஏன் நின்றது? எப்போது நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா? அதற்கு இரண்டு கோடுகள் போதாது. இருநூறு வருஷத்துக் கோடுகள் வேண்டும். அந்தக் கோடுகளை யார் எழுதி வைக்கிறார்கள் என்பதுதான் இந்த வாரத்துச் சமாசாரம்.

எழுதி வைப்பது என்றால் புதுச்சேரிக்கு அது புதிதல்ல. துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ஆம் வருஷம் தொடங்கி இருபத்தைந்து வருஷம் தினப்படிக் குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, கப்பல் போனது, சரக்கு விலை ஏறியது, இறங்கியது, காற்று அடித்தது, மழை பெய்தது எல்லாம் அதில் உண்டு. அவர் வாழ்வின் கடைசி மாதத்தில் இந்த ஊர் ஒரு பெரிய புயலைப் பார்த்தது. 1761 ஜனவரி முதல் தேதி. அப்போது ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகை இட்டிருந்தார்கள். கரைக்கு எதிரே நின்ற அவர்களுடைய கப்பல்களில் சில மூழ்கின. சில தரை தட்டி உடைந்தன. மூழ்கிய கப்பல்களோடு போன உயிர்கள் சுமார் 1,100. பட்டினி கிடந்த ஊர் ஒரு கணம் மூச்சு விட்டது. ஆனால் சில நாள்களுக்குள் மற்றக் கப்பல்கள் திரும்பி வந்துவிட்டன. அந்த மாத நடுவிலேயே ஊர் சரணடைந்தது. அதே மாதத்தில் பிள்ளையும் காலமானார்.

அந்தப் புயல் எங்கே பிறந்தது, எந்த வழியாக வந்தது என்று அன்று கேட்டிருந்தால் யாராலும் சொல்லியிருக்க முடியாது. குறிப்புகள் இருந்தன, ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் பெட்டியில் இருந்தது. ஒரு கப்பல் தலைவரின் குறிப்பும் இன்னொருவரின் குறிப்பும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்படவில்லை.

அந்தக் காரியத்தைச் செய்தவர் ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர். கப்பலில் வேலை பார்த்துவிட்டுக் கல்கத்தாவில் தங்கியவர். 1839-ஆம் வருஷத்திலிருந்து அவர் ஒரு வேலை செய்தார். வங்காளக் குடாவில் புயல் அடித்தால், அதில் அகப்பட்டு மீண்ட கப்பல்களின் குறிப்புப் புத்தகங்களைத் தேடிப் பிடிப்பார். இன்ன மணிக்கு, இன்ன இடத்தில், காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது என்று ஒரே படத்தில் அம்புக்குறி போடுவார். போட்டுக்கொண்டே வந்தால் அம்புகள் வட்டமாக நின்றன. நம் பக்கத்துப் புயலெல்லாம் கடிகார முள்ளுக்கு எதிர்ப்புறமாகச் சுழல்கிறது என்று அந்தப் படங்கள் காட்டின. சுருண்டு கிடக்கும் பாம்பை நினைத்துக் கிரேக்க மொழியிலிருந்து ஒரு பெயரும் வைத்தார். 'சைக்ளோன்' என்று உலகமெல்லாம் சொல்கிறதே, அது அவர் 1848-இல் எழுதிய புத்தகத்திலிருந்து பரவிய சொல்தான்.

இதில் நமக்கும் உபயோகமான ஒரு விஷயம் உண்டு. காற்று வருகிற திசையைப் பார்த்து நின்றால், புயலின் நடு உங்கள் வலது கைப் பக்கம் இருக்கும். புதுச்சேரியில் வடக்கிலிருந்து பலத்த காற்று வந்தால் புயல் கிழக்கே கடலில் நிற்கிறது என்று அர்த்தம். காற்று பிறகு மேற்கே திரும்பினால் நடு நமக்கு வடக்கே கடக்கிறது. கிழக்கே திரும்பினால் தெற்கே கடக்கிறது. நடுவே சட்டென்று காற்று ஓய்ந்து வானம் வெளுத்தால் 'போய்விட்டது' என்று குழந்தைகளை வெளியே விடாதீர்கள். அது புயலின் கண். கண் கடந்ததும் எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடிக்கும். இதைப் பரீட்சை செய்து பார்க்கக் கடற்கரைக்குப் போக வேண்டாம், ஜன்னல் போதும்!

பிடிங்டன் கண்டுபிடித்ததைத் தம் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. கல்கத்தாவில் நடந்துவந்த வங்காள ஆசியக் கழகத்தின் பத்திரிகையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுரைகள் எழுதி அச்சிட்டார். படித்தவர்கள் மறுத்தார்கள், திருத்தினார்கள், தங்கள் குறிப்புகளையும் அனுப்பினார்கள். அப்படித்தான் ஒருவர் அறிவு ஊர் அறிவாகிறது.

ஆனால் அச்சிட்டால் மட்டும் போதுமா? 1853-இல், கல்கத்தாவுக்குத் தென்கிழக்கே மாட்லா நதியில் புதுத் துறைமுகம் கட்டத் திட்டம் போட்டார்கள். அங்கே புயலோடு சேர்ந்து கடலே எழுந்து வரும், கட்டாதீர்கள் என்று கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்குப் பகிரங்கமாகக் கடிதம் எழுதி அச்சிட்டார் பிடிங்டன். கேட்பார் இல்லை. 1858-இல் அவர் இறந்தார். துறைமுகம் எழுந்தது, ரயிலும் வந்தது, 'போர்ட் கானிங்' என்று பெயரும் சூட்டினார்கள். 1867 நவம்பரில் ஒரு புயலும் கடல் அலையும் சேர்ந்து வந்து அதைச் சிதைத்துவிட்டுப் போயின. துறைமுகம் பிறகு தலை தூக்கவே இல்லை. வீட்டில் பெரியவர்கள் எழுதி வைத்த கணக்கைப் பார்க்காமல் கடன் வாங்குகிற பிள்ளைகளை நாம் பார்த்ததில்லையா?

அதற்கு முன்பே 1864-இல் அக்டோபரில் கல்கத்தாவையும் நவம்பரில் மசூலிப்பட்டணத்தையும் இரண்டு புயல்கள் சூறையாடியிருந்தன. பிறகுதான் அரசாங்கம் விழித்துக்கொண்டது. 1875-இல் இந்திய வானிலைத் துறை ஏற்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு 1950 ஜனவரியில் அந்தத் துறை ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகை தொடங்கியது. முதலில் அதற்கு 'இந்திய வானிலை, புவி இயற்பியல் இதழ்' என்று பொருள்படும் நீளமான ஆங்கிலப் பெயர். 1979-இலிருந்து 'மௌசம்' என்ற சின்னப் பெயர். பருவம் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது அது. 'மான்சூன்' என்ற ஆங்கில வார்த்தைக்கும் அதே சொல்தான் தாய். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, எழுபத்தைந்து வருஷத்துக்கு மேலாக வந்துகொண்டிருக்கிறது.

நம் பத்திரிகை மாதிரி அதில் தொடர்கதை உண்டா என்று கேட்பீர்கள். உண்டு! வருஷா வருஷம் வட இந்தியப் பெருங்கடலில் பிறந்த புயல்கள் எத்தனை, காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எங்கே பிறந்தது, எந்த வழி போனது, எங்கே மடிந்தது என்று கட்டுரை வரும். இதைவிட நீண்ட தொடர்கதை எந்தப் பத்திரிகையில் இருக்கிறது? 'அடுத்த இதழில் முடியும்' என்று மட்டும் எப்போதும் போட முடியாது.

அதில் ஒரு கட்டுரை வெளிவருவது, பெண் பார்க்கும் படலத்தைவிடக் கஷ்டம். எழுதியவர் அனுப்புகிறார். ஆசிரியர் அதை அந்த விஷயம் தெரிந்த வேறு நிபுணர்களிடம் கொடுக்கிறார். அவர்கள் யார் என்று எழுதியவருக்குச் சொல்லமாட்டார்கள். முகம் தெரியாத சம்பந்தி! 'இந்த அளவை எந்தக் கருவியால் எடுத்தீர்கள்?', 'இந்தப் புயலுக்குச் சரியாக இருக்கிறது, மற்றப் புயலுக்கு?', 'முன்பே ஒருவர் எழுதியதைப் பார்த்தீர்களா?' என்று கேள்விக்குமேல் கேள்வி வரும். பதில் சொல்லித் திருத்தி எழுதினால் மறுபடியும் கேள்வி. இத்தனையும் தாண்டினால்தான் அச்சு. மாதக்கணக்கில் ஆகும். ஏன் இந்தச் சிரமம்? தப்பான கட்டுரையை நம்பி ஒரு மீனவர் கடலுக்குப் போய்விடக் கூடாதே!

இந்தப் பத்திரிகையில் எழுதியவர்களில் 'ஏ. மணி' என்று ஒரு பெயர். ஆண்பிள்ளை என்று நினைத்தீர்களானால் ஏமாந்தீர்கள்! அவர்தான் அன்னா மணி. 1918-இல் திருவாங்கூரில் பீர்மேட்டில் பிறந்தவர். எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டார் வைரத் தோடு கொடுக்க, 'தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம் வாங்கிக் கொடுங்கள்' என்று கேட்ட பெண். சென்னை பிரசிடென்ஸி கல்லூரியில் பௌதிகம் படித்துவிட்டு, பெங்களூரில் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். வேண்டாம் என்ற வைரம் விடவில்லை. ஆராய்ச்சியே வைரத்தைப் பற்றித்தான்! ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். ஆயினும், எம்.எஸ்ஸி. படிக்கவில்லை என்று டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் மனம் ஒடிந்து உட்காரவில்லை. இங்கிலாந்து போய் வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றுக்கொண்டு, 1948-இல் பூனாவில் வானிலைத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த மழைமானி, காற்றுமானி, அழுத்தமானி முதலியவற்றை இங்கேயே செய்ய வழிகாட்டினார். தப்பான அளவு எடுப்பதைவிட அளவே எடுக்காமலிருப்பது மேல் என்பது அவர் கொள்கை. துறையின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து 1976-இல் ஓய்வு பெற்றார், 2001-இல் காலமானார். பட்டம் கொடுக்காதவர்கள் பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? அவர் அச்சில் வைத்த அளவுகள் இருக்கின்றன.

அச்சில் வைத்தது எப்போது பலன் தரும் என்று சொல்லவே முடியாது. கில்பர்ட் வாக்கர் என்பவர் வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்தவர். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் அழுத்தம், மழை, வெப்பக் கணக்குகளை வரவழைத்து, நம் நாட்டுக் குமாஸ்தாக்களைக் கொண்டு கையாலேயே கணக்குப் போடவைத்தார். பசிபிக் பக்கத்தில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, ஏற்றமரம் மாதிரி, என்று 1920-களில் எழுதினார். 'காரணம் சொல்லவில்லையே' என்று பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து, 1969-இல், பியெர்க்னஸ் என்ற நிபுணர் அந்த ஏற்றமரத்துக்கும் பசிபிக் கடல் சூடாவதற்கும் உள்ள உறவை எடுத்துச் சொன்னார். அவர் கட்டுரை வந்தது 1872-இல் தொடங்கிய ஓர் அமெரிக்க வானிலை மாத இதழில். இன்று 'எல் நினோ வருஷம், நம் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழை கூடலாம்' என்று சொல்கிறார்களே, அதன் வேர் அந்தக் குமாஸ்தாக்களின் கையெழுத்தில் இருக்கிறது.

மறுபடியும் ஃபெஞ்சலுக்கு வருகிறேன். அந்த வாரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். புயலாகும் என்றார்கள், ஆகாமலே கரையேறலாம் என்றார்கள், 29-ஆம் தேதி புயலாகியே விட்டது. 'மாற்றி மாற்றிச் சொல்கிறார்களே' என்று நாமெல்லாம் அலுத்துக்கொண்டோம். வீட்டுப் பண்டம் நனைந்தவர்களுக்குக் கோபம் வருவது நியாயந்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன். சரியாகச் சொன்ன கணிப்பைவிடத் தவறிப்போன கணிப்பைத்தான் பத்திரமாக எழுதி வைக்க வேண்டும். எந்த மணியில், எந்த அளவை நம்பி, எங்கே தவறினோம் என்று பத்துப் பேர் பார்க்க அச்சில் வைத்தால்தான் அடுத்த புயலுக்கு ஒரு படி ஏறலாம். நஷ்டக் கணக்கை மறைக்கிற வீடும் உருப்படாது, சாஸ்திரமும் உருப்படாது.

சரி, வாசல் வழக்கு என்ன ஆயிற்று என்கிறீர்களா?

ஆயாவின் பேத்தி கல்லூரியில் பௌதிகம் படிக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நம் வீட்டுக் கோட்டை அந்தப் பத்திரிகையில் போடுவார்களா?" என்றாள்.

"ஒரு கோட்டைப் போடமாட்டார்கள், கண்ணு. ஆனால் புயல் ஓய்ந்த பிறகு ஆராய்ச்சி செய்கிறவர்கள் தெருத் தெருவாக வந்து, சுவரில் படிந்த நீர்க்கறையை அளந்து கொண்டுபோவது உண்டு. நூறு வீட்டுக் கோடு சேர்ந்தால் ஊரில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று படம் போடலாம். அந்தப் படம் இருந்தால் வாய்க்காலை எங்கே அகலப்படுத்துவது என்று தெரியும். அப்போது மேல்கோட்டுக்கு மேலே இன்னொரு கோடு போட வேண்டி வராமலும் இருக்கலாம்" என்றேன்.

அவள் உள்ளே போனாள். தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுவந்தாள். வாசற்படியிலிருந்து கோடுவரை அளந்தாள். ஆயா திரும்ப அளக்கச் சொன்னார். அரை அங்குலம் வித்தியாசம்! மூன்றாம் முறை மருமகளே நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். தேதி, அளவு, தண்ணீர் ஏறத் தொடங்கிய நேரம், வடிந்த நேரம், அன்று காற்று வந்த திசை எல்லாம் எழுதியாயிற்று. தானே வந்த வருஷத்து நேரத்தை மட்டும் ஆயா எவ்வளவு யோசித்தும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. "தெரியவில்லை என்று எழுது, இஷ்டத்துக்கு எழுதாதே" என்றார்.

அன்னா மணி கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்!

"இனி பூசிக்கொள்ளப்பா" என்று வர்ணக்காரரிடம் சொல்லிவிட்டு ஆயா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். நிலை இப்போது பச்சை வர்ணத்தில் பளபளக்கிறது. கோட்டின் கணக்கு நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. கல்யாணம் தை மாதத்தில்.

வாசகிகளே, மளிகைக் கணக்கும் பால் கணக்கும் எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் உங்கள் வீட்டு மழைக்கணக்குக்கும் ஒரு மூலை ஒதுக்குங்களேன். தேதி முக்கியம், அளவு முக்கியம், தெரியாததைத் தெரியாது என்று எழுதுவது எல்லாவற்றையும்விட முக்கியம். கார்த்திகை பிறப்பதற்குள் தொடங்கிவிட்டால் நல்லது.